தடை சொல்லாத சபை

“என் நூலில் ஒரு குற்றம்கூட இல்லை, ஐயா” என்றான் ஆவுடையப்பன்.

மாசிலாமணியார் தலை நிமிர்ந்தார்.

“யார் சொன்னது?”

“யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் சொல்கிறேன். நீங்களும் சபையில் இருந்தீர்களே! நேற்றுக் காலையில் தொடங்கி வெயில் சாயும்வரை வாசித்தேன். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ‘தடை உண்டா?’ என்று தலைவர் கேட்டார். ஒரு வாய் திறக்கவில்லை. போன வருஷம் சங்கரமூர்த்தியை என்ன பாடு படுத்தினார்கள்! சொல்லுக்குச் சொல் தடை. அந்த மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது. எனக்கு ஒன்றுமே இல்லை. ‘நன்று’ என்று சொல்லிச் சந்தனம் பூசி அனுப்பிவிட்டார்கள்.”

அவன் முகம் முழுக்கச் சிரிப்பு.

“கொடிக்காலில் எல்லோருக்கும் பானகம் கரைத்துக் கொடுத்துவிட்டு நேரே இங்கே வருகிறேன்.”

ஆவுடையப்பன் வெற்றிலை பயிரிடுகிறவன். ஆற்றங்கரையில் அவன் கொடிக்கால். தலை நரைத்த பிறகு மாசிலாமணியாரிடம் பாட்டு எழுதப் படிக்க வந்தவன். ஆசிரியரைவிட அவனுக்கு வயது கூட.

மாசிலாமணியார் எழுத்தாணியைக் கீழே வைத்தார்.

“உம் கொடிக்காலில் பூச்சி அண்டாத கொடி உண்டா?”

“எங்கே, ஐயா! பூச்சி வராத கொடி ஏது?”

கொஞ்சம் யோசித்தான்.

“ஒன்று உண்டு. செத்த கொடி. அதில் எதுவும் வந்து உட்காராது.”

சொல்லி முடித்துவிட்டான்.

பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்தது.

*

அந்த ஊர் மடத்துச் சபைக்கு ஒரு வழக்கம் இருந்தது.

புதிய நூலைச் சபையில் வாசிக்க வேண்டும். புலவர்கள் தடை சொல்வார்கள். இந்தச் சொல் இங்கே நிற்காது என்பார் ஒருவர். இந்த உவமை பொருந்தாது என்பார் இன்னொருவர். எழுதியவன் எழுந்து நின்று விடை சொல்ல வேண்டும். அடிதடி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நடக்கும்.

அப்படி நின்று தாக்குப்பிடித்த நூலை மடம் படியெடுக்கும். படிகள் ஊர் ஊராகப் போகும்.

தடையே எழாத நூலுக்குச் சந்தனம். எழுதியவன் ஏட்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

புலவர் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆவுடையப்பன் அத்தனை வருஷமும் சபை வாசலில் வெற்றிலைக் கூடையோடு நின்று எட்டிப் பார்த்தவன். வாசலில் நின்று பார்த்தால், வேர்த்து நிற்பவன் தோற்றவனாகத் தெரிவான். சந்தனத்தோடு போகிறவன் ஜெயித்தவனாகத் தெரிவான்.

“சங்கரமூர்த்தியின் நூல்?” என்று கேட்டான்.

“படியெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மதுரைக்கு ஒன்று போயிற்று.”

“என் நூல்?”

மாசிலாமணியார் அவன் நெற்றியைப் பார்த்தார். நேற்றுப் பூசிய சந்தனத்தை அவன் இன்னும் கழுவவில்லை. காய்ந்து வெடித்திருந்தது.

ஆவுடையப்பன் துண்டால் அதைத் துடைத்தான். சந்தனம் போன பிறகும் துடைத்தான்.

“ஐயா, என்னிடம் இருப்பது இந்த ஒரே ஏடு. எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. நான் போய்விட்டால் கறையான் தின்றுவிடும். இதில் அவள்...”

நிறுத்திக்கொண்டான்.

அவள் என்றது உலகம்மையை. அவன் மனைவி. பெண்கள் கொடிக்காலுக்குள் நுழையக் கூடாது என்பார்கள் அந்த ஊரில். உலகம்மை அதைக் காதில் வாங்கியதில்லை. அவனோடு நின்று கொடி கட்டினாள். அவள் இறந்த பிறகுதான் ஆவுடையப்பன் எழுதத் தொடங்கினான். நூல் என்னவோ ஊர்ச் சுவாமி மேல்தான்.

“என்ன குற்றம், ஐயா, அதில்? எடுத்துச் சொல்லக்கூட லாயக்கில்லாத குற்றம்?”

“போய்க் கேளும்.”

“யாரை?”

“வாய் திறக்காதவர்களை.”

*

முதலில் வைகுந்தநாதப் புலவர் வீட்டுக்குப் போனான். இலக்கணத்தில் அவருக்கு மேல் ஆள் இல்லை என்று பேர்.

“வாரும், வாரும், கொடிக்காலாரே! கையை வீசிக்கொண்டு வருகிறீரே, கவுளி எங்கே?”

“வெற்றிலை கொண்டுவரவில்லை, ஐயா. ஒரு விஷயம் கேட்க வந்தேன்.”

“சபைக்குக் கொண்டுவந்தீரே, அது இலை! நரம்பே தெரியவில்லை. நாக்கில் வைத்ததும் கரைந்து போயிற்று. அதைக் கிள்ளின கைக்குக் தங்கக் காப்புப் போட வேண்டும், ஓய்!”

“என் நூலைப் பற்றி...”

“எந்த நூல்?”

“அன்றைக்கு வாசித்தேனே, ஐயா.”

“அதுவா! நல்ல நூல், ஓய். நல்ல நூல்.”

“எது நன்றாக இருந்தது?”

புலவர் வாயில் இருந்ததை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார். கடைசியில் சிரித்துவிட்டார்.

“உம்மிடம் மறைப்பானேன். நடுவில் ஓர் இடத்தில் தடை சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தேன். வாய் நிறைய வெற்றிலை. துப்பிவிட்டு வரலாம் என்றால் மனசு வரவில்லை. அப்பேர்ப்பட்ட இலை!”

“எந்த இடம், ஐயா?”

“அது மறந்து போயிற்று.”

ஆவுடையப்பன் தெருவுக்கு வந்தான்.

நூல் வாசிக்கிற நாளாயிற்றே என்று அந்த இலைகளை அவனே கொடி கொடியாகப் பார்த்துக் கிள்ளியிருந்தான்.

*

அடுத்தது சபைத் தலைவர் வீடு. தலைவரின் மனைவி வாசலில் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க அண்ணாச்சி. அவுகளப் பாக்கணுமா?”

“என் நூலில் என்ன குறை என்று தலைவர் வாயால் கேட்டுப் போகலாம் என்று வந்தேன்.”

அவள் உளுந்தைக் கிளறிக்கொண்டே இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“ஒங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. அவுகளுக்குக் காது கேட்டு வருசக்கணக்காச்சு. யாராச்சும் எந்திரிச்சுக் கைய ஆட்டுனா, தடைன்னு தெரிஞ்சுக்கிடுவாக. யாரும் ஆட்டலேன்னா ‘நன்று’ம்பாக. வெளிய சொல்லிராதீக அண்ணாச்சி, பதவி போயிரும்.”

“அப்படியானால் என் நூலை அவர்...”

“ஒங்க நூல மட்டுமா? எவன் நூலத்தான் கேட்டாக?”

உள்ளேயிருந்து தலைவர் எட்டிப் பார்த்தார். ஆவுடையப்பனைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கையைத் தூக்கினார்.

“நன்று!” என்றார்.

*

மூன்றாவதாகத் தெய்வச்சிலை என்பவனைப் பார்த்தான். சபையிலேயே வயதில் குறைந்த புலவன். வாய்த்துடுக்குக்காரன். படித்துறையில் வேட்டி துவைத்துக்கொண்டிருந்தான்.

“உண்மையைச் சொல்லட்டுமா, இல்லை மரியாதையாகச் சொல்லட்டுமா?”

“மரியாதை நிறையக் கிடைத்துவிட்டது” என்றான் ஆவுடையப்பன்.

“அப்படியானால் கேளும். சங்கரமூர்த்தி பரம்பரைப் புலவர். அவரை மடக்கினால் எனக்குப் பேர். அவர் என்னை மடக்கினாலும் மோசமில்லை, பெரிய இடத்தில் தோற்றான் என்று போய்விடும். உம்மிடம் தடை சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? ஜெயித்தால் வெற்றிலைக்காரனை ஜெயித்தான் என்பார்கள். நீர் விடை சொல்லிவிட்டீர் என்று வையும், நான் இந்த ஊரில் தலைகாட்ட வேண்டாமா?”

“நான் விடை சொல்லியிருப்பேன் என்று நினைத்தீரா?”

தெய்வச்சிலை வேட்டியைப் பிழிந்தான்.

“சில இடங்களில் சொல்லியிருப்பீர். அதனால்தான் சும்மா இருந்தேன்.”

“தடையை விடும். நூல் எப்படி இருந்தது?”

“நூலா?” அவனுக்கு அந்தக் கேள்வியே புதிதாக இருந்தது. “எங்கே இடிக்கிறது என்று தேடித்தான் கேட்பேன். மற்றப்படி கேட்கிற பழக்கம் விட்டுப்போயிற்று.”

வேட்டியை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

“உம் ஆசிரியரைப் பாரும். செத்துப்போன மனைவிக்கு அந்தாதி பாடினார். நாள்கணக்கில் தடை ஓடியது என்பார்கள். இன்றைக்கு அது இல்லாத ஊர் உண்டா? எழவு வீட்டிலெல்லாம் அதைத்தான் படிக்கிறார்கள். அந்த மாதிரி ஒன்று எழுதிக்கொண்டு வாரும். அப்போது பார்க்கலாம்.”

*

ஆவுடையப்பன் அதற்குப் பிறகு கொஞ்ச காலம் ஆசிரியர் வீட்டுப் பக்கம் வரவில்லை.

வந்தபோது கையில் ஏட்டுக் கட்டு இருந்தது. அதைச் சுற்றி வாழைநாரால் இறுக்கிக் கட்டியிருந்தான்.

“கேட்டீரா?” என்றார் மாசிலாமணியார்.

“கேட்டேன். ஒருவருக்கு வெற்றிலை ருசி. ஒருவருக்குக் காது இல்லை. ஒருவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. மற்றவர்களையும் கேட்டேன். ஒருவர் மகள் கல்யாணத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். ஒருவர், ‘அடுத்தவர் சொல்வார் என்று இருந்துவிட்டேன்’ என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார்.”

“உம்.”

“இதில் எதற்கும் என் நூலுக்கும் சம்பந்தமே இல்லை, ஐயா. நான் என்ன எழுதியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். மட்டம் என்று சொல்லித் தூக்கி எறிந்திருந்தால்கூட வீட்டில் உட்கார்ந்து அழுதிருப்பேன். அழுது தீர்த்திருப்பேன். இதற்கு எப்படி அழுவது?”

“இப்போது என்ன செய்யப் போகிறீர்?”

“வீட்டில் வெந்நீர் அடுப்பு இருக்கிறது.”

“ஓலை நன்றாக எரியும்” என்றார் மாசிலாமணியார்.

ஆவுடையப்பன் காத்திருந்தான்.

“வேண்டாம் என்று சொல்வீர்கள் என்று நினைத்தேன்.”

“தெரியும்.”

வெளியே யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள்.

“எல்லோரையும் கேட்டுவிட்டீரா?” என்றார் மாசிலாமணியார்.

“எல்லோரையும்தான். இன்னும் யாரை...”

ஆவுடையப்பன் ஆசிரியரைப் பார்த்தான்.

“உங்களையா?”

அவர் தலையசைத்தார்.

“தன் மாணாக்கன் நூலுக்கு ஆசிரியர் தடை சொல்லக் கூடாது என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்!”

“அப்படி விதி கிடையாது. என் ஆசிரியர் என்னைப் பகல் முழுக்க நிற்கவைத்துத் தடை சொன்னார். சபை நடுவில் நான் அழுதேன். என்னை ஊர் அறிந்ததே அன்றைக்குத்தான்.”

“பின்னே நீங்கள் ஏன், ஐயா...”

மாசிலாமணியார் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடி, மெதுவாக, ராகம் இல்லாமல் சொன்னார்:

“கட்டியவள் போனபின்னும் கட்டிருந்த நாரை
எட்டி அவிழ்க்காதிருந்தேன் என்கையால் இன்றும்
வெட்டியதோர் வடுவாகக் கொடிக்கழுத்தில் இறுகி
ஒட்டியதே அம்முடிச்சு, உயிர் கொடிக்கும் இல்லை.”

அது ஆவுடையப்பனின் பாட்டு. நூலின் நடுவில் இருந்தது. சுவாமி மேல் பாடிய நூலில் சுவாமி வராத ஒரே பாட்டு அதுதான்.

கொடி வளர வளரப் பழைய கட்டை அவிழ்த்து மேலே கட்ட வேண்டும். இல்லாவிட்டால் நார் கொடியை அறுத்துவிடும். வெற்றிலை பயிரிடுகிற எவனுக்கும் இது தெரியும். ஆவுடையப்பனுக்கும் தெரியும். உலகம்மை கடைசியாகக் கட்டிப்போன வரிசையை அவன் அவிழ்க்கவில்லை. அந்த வரிசை முழுக்கப் பட்டுப்போனது.

“சபையில் ஒரு தடவைதான் கேட்டீர்கள்” என்றான். “ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்கிறீர்கள்.”

“மறக்கப் பார்த்தேன். முடியவில்லை.”

“இதில் என்ன தடை, ஐயா?”

“தடை இல்லை.”

“அதையாவது சபையில் சொல்லியிருக்கலாமே! நீங்கள் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மடமே...”

“என் அந்தாதியைப் படித்திருக்கிறீர் அல்லவா?”

“மனப்பாடம். உலகம்மை செத்த அன்றைக்கு அதைத்தான் படித்தார்கள். அதைக் கேட்டுத்தானே நான் உங்களைத் தேடி வந்தேன்.”

“அதில் என் மனைவி எப்படி நடப்பாள்?”

ஆவுடையப்பன் தயங்கவில்லை. “அன்னம் நாணும்படி நடப்பாள். அவள் நடையைப் பார்த்துவிட்டு அன்னம் தண்ணீரைவிட்டு ஏறாது என்று வரும். அந்த இடம் வந்தால் எழவு வீடே விசும்பும், ஐயா.”

“அவள் நொண்டி” என்றார் மாசிலாமணியார்.

ஆவுடையப்பன் ஏட்டுக் கட்டை மடியில் இறக்கி வைத்தான்.

“பிறவியிலேயே. இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பாள். சபையில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அவள் கையால் சாப்பிட்டவர்கள்தான் அத்தனை பேரும். நாள்கணக்கில் தடை சொன்னார்களே, இதை ஒருவர் சொல்லவில்லை. நானும் எழுதும்போது நினைக்கவில்லை. அன்னம் என்று எழுதினேன். கை தட்டினார்கள். கொஞ்ச நாளில் எனக்கே அவள் அன்னம் மாதிரி நடந்ததாகத்தான் ஞாபகம்.”

கண்ணைத் திறந்தார்.

“நீர் அந்த முடிச்சை வாசித்தீர். அப்போது அந்தக் கால் சத்தம் கேட்டது. அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வரும் சத்தம். இழுத்து, நிறுத்தி, இழுத்து. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு.”

“ஐயா...”

“வாய் திறந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். பிறகு என் அந்தாதி என்ன ஆகும்?”

ஆவுடையப்பன் ஏட்டுக் கட்டைச் சுற்றியிருந்த வாழைநாரைத் தடவினான். அவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. எரியவும் செய்தது. எது முதலில் என்று அவனுக்கே தெரியவில்லை.

“இனிமேலாவது சொல்வீர்களா?” என்று கேட்டான். “சபையில் வேண்டாம். மடத்தில் ஒருவரிடம். இதைப் படியெடுங்கள் என்று ஒரு வார்த்தை.”

மாசிலாமணியார் அவசரப்படவில்லை. கேள்வியை நியாயமாக யோசித்துப் பார்த்தார்.

“மாட்டேன்” என்றார்.

ஆவுடையப்பன் எழுந்தான்.

“எரிக்கத்தான் போகிறீரா?”

கேட்ட குரலில், எரித்துவிட்டால் நல்லது என்ற ஓர் ஆசை இருந்தது. அவரால் மறைக்க முடியாத ஆசை. ஆவுடையப்பனுக்கு அது கேட்டது.

எப்போதும் புறப்படும்போது அவர் காலைத் தொட்டு வணங்குவான். அன்று தொடவில்லை. நிலைப்படியில் நின்று திரும்பினான்.

“இல்லை. அடுத்த சபைக்கு இன்னொரு நூல் எழுதிக்கொண்டு வருகிறேன். அதற்கு அடுத்த சபைக்கும் வருவேன். யாரும் தடை சொல்ல வேண்டாம். படியெடுக்கவும் வேண்டாம்.”

“பிறகு எதற்கு எழுதுவீர்?”

“முன்னால் வந்து உட்காருங்கள், ஐயா” என்றான் ஆவுடையப்பன். “அந்தக் கால் சத்தம் உங்களுக்கு நன்றாகக் கேட்க வேண்டும்.”